இசைக்கென ஓர் இதழ்

(உத்திரமேரூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளமையை இங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். ஒன்று கி.பி. 919-இலும் மற்றொன்று 921-இலும் வெட்டப்பெற்றவை. குடவோலை என்ற அளவில் குடமும், ஓலையும், எழுத்தறியாச் சிறுவன் உள்ளே கைவிட்டு ஓலை எடுப்பதும் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பாடநூல்களும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. ஆனால் அக்கல்வெட்டின் கூரிய பகுதி வேறு. வாரியத்தில் இருந்து பணிசெய்து கணக்குக் காட்டாமற் போனவன் பெயரைக் குடத்தில் இடுதல் ஆகாது. அவனுக்கு நெருங்கிய உறவினர் பெயரும் ஆகாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவனும் ஒதுங்கி நிற்றல் வேண்டும். கணக்கு எழுதுபவன் தான் எழுதிய கணக்கைத் தானே முடித்துக் காட்டல் வேண்டும். இடையில் வேறொருவன் புகுந்து அதனை முடித்தல் ஆகாது. பொதுப்பொருளைக் கையாள்வோர் எவர், எத்துணைக் காலம், எவருக்கு விடைசொல்லக் கடப்பாடுடையர் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் விடை எழுதி வைத்த ஊர் இது.

இம்முறையை வானளாவப் புகழ்வோர் சொல்லாது விடுவதும் ஒன்று உண்டு. அக்குடத்தில் பெயர் இடப்பெறுவதற்கு இறை செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், மறையறிவு வேண்டும். இவ்வூர் அன்று சதுர்வேதிமங்கலம். உழுதவனுக்கும் பறை முழக்கியவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இதனையும் நினைவிற்கொண்டே இன்றைய பொருளுக்கு வருதல் வேண்டும். பொருள் இசையிதழ், ஒருவர்க்கும் அடிமைப்படாத இசையிதழ் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு வளர்கிறது, அதனைத் தோளிற் சுமக்கும் பணிக்குழு என்னாகிறது என்பது.

இசைக்கு இதழ் எதற்கு எனக் கேட்போர் உளர். காதால் துய்க்க வேண்டியதைக் கண்ணால் படித்து ஆவதென்ன என்பர். அவர்கட்கு விடை காஞ்சியிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். தாளக் கணக்கில் அவர்க்கு நிகராவார் அக்காலத்தில் அரியர். கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்க இசைக் கருவியாளர் பலரையும் மேடையில் நிறைத்துவைத்துப் பாடியவர். திருப்புகழை இசையரங்கிற் பாடி நிலைபெறச் செய்தவருள் ஒருவர். அவரிடம் பிருந்தாவும் முக்தாவும் பயின்றனர். பட்டம்மாள் இளமையில் அவர் பாடக் கேட்டு வளர்ந்தார். ஆயினும் அவர் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை. அவர் அரங்கில் அமர்ந்து, கேட்டதைக் கேட்டவாறு எழுதி, மாதந்தோறும் அச்சேற்றிய இதழும் இல்லை. இன்று எஞ்சியிருப்பன மாணாக்கர் வழிவந்த பாட்டுகளும், கேட்டவர் சொன்ன கதைகளுமே. குரலும் போய் எழுத்தும் இல்லையெனின் கதைதான் மிஞ்சும். கதை ஒவ்வொரு வாயிலும் சிறிது வளரும்.

அந்நாளில் இசையைப் பற்றி எவருமே எழுதவில்லை என்பதன்று. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசைத் திறனாய்வு எழுதியவர் கல்கி கிருட்டிணமூர்த்தி. அவர் எழுத்தில் நகை இருந்தது. பாடியவர் நெஞ்சில் தைக்கும் முள்ளும் இருந்தது. எளிய வாசகனை இசையரங்கின் வாயில்வரை கைப்பிடித்து அழைத்துச் சென்ற தமிழ் அது. 1941-இல் அவர் விகடனை விட்டு நீங்கிச் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதல் எங்கிருந்து வந்தது? எம்.எசு. சுப்புலட்சுமி 'சாவித்திரி' என்னும் திரைப்படத்தில் நாரதராக ஆண் வேடம் புனைந்து நடித்துப் பெற்ற ஊதியத்திலிருந்து வந்தது. ஒரு பாடகியின் உழைப்பே ஓர் இதழுக்கு விதைநெல் ஆயிற்று. 1941-இல் அண்ணாமலை அரசர் தூண்டுதலால் எழுந்து, 1943-இல் தமிழிசைச் சங்கமாக உருப்பெற்ற தமிழிசைப் போராட்டத்திற்கு அவ்விதழ் தந்த துணை பெரிது. அதனை நன்றியோடு சொல்லுதல் வேண்டும். எனினும் ஒரு வினா எழாமற் போகாது. பாடகியின் பொருளால் பிறந்த இதழ் அப்பாடகியின் பாட்டில் குறை கண்டால் எழுதுமா? எழுதாது என்று எவரும் சட்டம் இடவில்லை, எழுதுகோலே தயங்கும். கல்கியின் நேர்மையைப் பழிக்கும் சொல்லன்று இது. எத்துணை நேர்மையாளரையும் இக்கட்டில் நிறுத்தும் அமைப்பைப் பற்றிய சொல்.

மற்றொரு வகை, மன்றங்கள் நடத்தும் வெளியீடுகள். சென்னை மியூசிக் அகாதெமி 1930 முதல் தன் ஆய்விதழை வெளியிட்டு வந்துள்ளது. இராகங்களைப் பற்றியும் பழஞ்சுவடிகளைப் பற்றியும் அதில் வந்த கட்டுரைகள் ஆய்வாளர்க்குக் கருவூலம். ஆனால் மன்றத்தின் இதழ் மன்றத்தின் வாய். அம்மேடையில் எவர்க்கு ஏன் இடமில்லை என்னும் வினாவை அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

ஆகவே எந்த மன்றத்துக்கும், எந்த இசைவாணர்க்கும், எந்தச் செய்தித்தாள் முதலாளிக்கும் உரியதாகாமல், இசைக்கும் ஆடலுக்கும் மட்டுமே உரிய திங்களிதழ் ஒன்று தேவைப்பட்டது. அது 1983 அத்தோபரில் சென்னையில் பிறந்தது. பெயர் 'சுருதி'. நிறுவியவர் முனைவர் ந. பட்டாபிராமன், அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியவர். பெயர் வடசொல், மொழி ஆங்கிலம். விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் 'அலகு' என ஆண்ட அழகிய சொல் அவர்க்குத் தோன்றவில்லை போலும்; தோன்றியிருப்பினும் இட்டிருக்க மாட்டார். இவ்விரு குறைகளையும் சொல்லிவிட்டு அவ்விதழின் செயலை எடை போடுதலே அறம்.

அதன் செயல் சிறிதன்று. செய்தித்தாள்கள் நேற்று மாலை நடந்த இசையரங்குக்குக் கால் பத்தி ஒதுக்கிக் கொண்டிருந்த காலத்தில், சுருதி ஓர் இசைவாணர் வாழ்க்கைக்கு முப்பது நாற்பது பத்திகளை ஒதுக்கியது. வாய்ப்பாட்டினரோடு நாகசுரம், தவில், மிருதங்கம் வாசிப்போரையும், ஆடல் ஆசான்மாரையும் தேடிச்சென்று கேட்டு எழுதியது. இசைத்துறையில் எவரும் வெளிப்படையாகப் பேசத் துணியாத பூசல்களை அச்சிலே கொணர்ந்தது. அதனால் பகையும் தேடிக்கொண்டது. அதில் எழுதியோருட் பலர் வேறு தொழிலில் ஊதியம் பெற்று, இசைமேல் வைத்த காதலால் எழுதியவர்கள். திங்களிதழின் பணிக்குழு என்றால் பெரிய மாளிகையும் மேசை வரிசையும் என எண்ணிவிடலாகாது. கட்டுரை வாங்குபவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர், படம் எடுப்பவர் ஒருவர், அச்சகத்துக்கு நடப்பவர் ஒருவர், உறுப்பினர் முகவரி ஒட்டி அஞ்சலகத்தில் சேர்ப்பவர் ஒருவர். பல திங்களில் இவ்வைவரும் இருவரே. சில திங்களில் ஒருவரே. சிற்றிதழ் நடத்திய கைகளுக்கு இது விளங்கும்.

சுருதியின் பணியில் தமிழர் தனித்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. 1975 திசம்பரில் தமிழிசைச் சங்கத்தின் இசை விழாவுக்குத் தலைமை ஏற்றவர் ஆடலரசி த. பாலசரசுவதி. பரதத்தின் உள்ளமைப்பைக் குறித்து அவர் அங்குத் தமிழில் தலைமையுரை ஆற்றினார். அலாரிப்பு முதல் தில்லானா வரை ஓர் ஆடல் அரங்கு செல்லும் வழியைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு, வாயில், மண்டபம், கருவறை எனப் படிப்படியாக விளக்கிய உரை அது. ஆட்சிப் பணியில் இருந்தவரும் பொருளியல் அறிஞருமான எசு. குகன், அவ்வுரையையும் அவருடைய பிற கருத்துகளையும் தொகுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். சுருதி அறக்கட்டளை அதனை 1991-இல் நூலாக்கியது. இன்று உலகெங்கும் ஆடல் பயில்வோர் பாலசரசுவதியின் கருத்து என எடுத்துக்காட்டுவது அவ்வாங்கில வடிவத்தையே. தமிழ்த்தாய் மடியில், தமிழிசைச் சங்க மேடையில், தமிழ்ப் பெண்ணொருத்தி தமிழில் சொன்னதைத் தமிழ் மாணவியர் ஆங்கிலத்திலிருந்து மனப்பாடம் செய்கின்றனர்!

இதற்குச் சுருதியைக் குறை சொல்லுதல் பிழை. அவர்கள் செய்ததாலன்றோ அவ்வுரை பரவிற்று. அச்சொற்களைத் தமிழில் ஆங்காங்கே மீண்டும் அச்சிட்டு, மாணவர் கையில் ஓயாது கொடுத்துவரத் தமிழில் ஓர் இசைத்திங்களிதழ் ஊன்றி நிற்கவில்லை என்பதே குறை. அக்குறை எவருடையது?

2002-இல் பட்டாபிராமன் மறைந்தார். நிறுவியவர் மறைந்தால் இதழும் மறைவதே பெரும்பான்மை. தமிழ்ச் சிற்றிதழ்களின் இடுகாட்டில் நடந்து பார்த்தால் ஒவ்வொரு நடுகல்லிலும் இதழின் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒருங்கே எழுதியிருக்கக் காணலாம். சுருதி அவ்வாறு சாகவில்லை. பணிக்குழுவில் இருந்தோர் கலைந்து போகவில்லை. ஆட்சிப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற கே.வி. இராமநாதன் ஆசிரியப் பொறுப்பைத் தாங்கினார். ஆயினும் மனவுறுதி தாளுக்கும் மைக்கும் விலை ஆவதில்லை. 2006-இல் சன்மார் தொழிற்குழுமம் இதழை ஏற்று நடத்த முன்வந்தது. அதன்பின் ஆசிரியரானவர் வி. இராமநாராயணன்; ஐதராபாத்து அணிக்காகக் கிரிக்கெட்டில் சுழற்பந்து வீசியவர். பந்து வீசியவர் இசையிதழ் நடத்துவதா என முகம் சுளித்தோர்க்குத் திங்கள்தோறும் வந்த இதழே விடையாயிற்று. அவர்க்குப் பின், இதழோடு நெடுங்காலம் இருந்து வந்த எசு. சானகி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கடைநிலை வேலைகளையும் அறிந்த ஒருவர் தலைமைக்கு ஏறுதல் இதழுலகில் அரிது, வரவேற்கத்தக்கது.

தொழிற்குழுமம் ஏற்றபின் அவ்விதழ் கட்டற்றதா, கட்டுண்டதா? எளிதில் விடை சொல்லிவிட முடியாது. வேதிப்பொருள் செய்யும் குழுமத்துக்கு ஒரு பாடகர் ஆனந்தபைரவியில் வழுவினார் என எழுதுவதால் இழப்பு ஒன்றுமில்லை. அவ்வகையில் இசைமன்றத்தின் பணத்தைவிட அப்பணம் தூயது. ஆனால் ஈந்தவன் கைமூடும் நாள் எந்நாள் என்பது இதழை உழைத்து நடத்துவோர் கையில் இல்லை. அந்த அளவுக்கு அது கட்டு.

இலண்டன் நகரில் இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டனர். சுருதிக்கு ஓராண்டு முன், 1982-இல், அந்தோணி வுட்டு, கிரிசி மர்ரே என்னும் இருவர் 'தி வயர்' என்னும் இசையிதழைத் தொடங்கினர். சாசு இசைவாணர் சுடீவ் இலேசியின் இசைப்பா ஒன்றின் பெயர் அது. தொடக்கத்தில் சாசு இசைக்கே உரியதாயிருந்து, பின்னர்ப் பெருவணிகம் தீண்டாத எவ்வகைப் புத்திசையையும் தன் எல்லைக்குள் கொணர்ந்தது. 1984-இல் நயீம் அத்தல்லா என்னும் வெளியீட்டாளரின் நிறுவனம் அதனை வாங்கியது. பதினாறு ஆண்டுகள் அவர் நிழலில் நடந்தது. ஆசிரியர்கள் மாறினர், சுவை மாறியது, வாசகர் சிலர் சினந்து விலகினர், வேறு சிலர் வந்தனர். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதழின் பணியாளர்கள் தாமே ஒன்றுகூடி அதனை விலைக்கு வாங்கிவிட்டனர். கட்டுரை திருத்துபவரும் விளம்பரம் திரட்டுபவரும் அன்றுமுதல் உடைமையாளர். உழுபவனுக்கே நிலம் என்பார்களே, அஃது ஓர் இசையிதழில் நிறைவேறியது.

இதற்கு மறுதலையும் உண்டு. அமெரிக்காவில் 1996-இல் இரையன் சிரைபர் என்னும் இளைஞர் தம் பெற்றோர் வீட்டிலிருந்து தொடங்கிய 'பிட்சுபோர்க்கு' இசையிதழ், பெரும் வணிகச் செய்தித்தாள்களே அஞ்சும் அளவுக்கு வளர்ந்தது. 2015-இல் காண்டே நாசுட்டு என்னும் பெருநிறுவனம் அதனை வாங்கிற்று. 2024 சனவரியில் ஆடவர் ஒப்பனை இதழ் ஒன்றனுள் அதனைக் கொண்டுபோய் அடக்கிப் பணியாளர் பலரை வீட்டுக்கு அனுப்பிற்று. பிட்சுபோர்க்கில் பணியாற்றியோருள் ஐவர் சேர்ந்து, அதே ஆண்டு, தமக்கே உரிமையான புதிய இசையிதழ் ஒன்றைத் தொடங்கினர். விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்குப் பெயர், கட்டியெழுப்பிய பணிக்குழுவுக்கு வேலைநீக்க ஓலை. இரண்டாம் முறை அவர்கள் ஏமாறவில்லை.

இனித் தமிழில் ஓர் இசைத்திங்களிதழ் நடத்த விரும்பும் இளைஞர் கணக்கைப் பார்த்தல் வேண்டும். இதழுக்கு வருவாய் மூன்று வழி: உறுப்பினர் கட்டணம், தனியிதழ் விற்பனை, விளம்பரம். இவற்றுள் வாழ்நாட் கட்டணம் என்பது தேன்தடவிய நஞ்சு. முதலாண்டில் பெருந்தொகையாகக் கைக்கு வரும்; அச்சகக் கடன் தீரும்; பத்தாண்டு கழித்து அவ்வுறுப்பினர்க்கு அனுப்பும் ஒவ்வோர் இதழும் இழப்பே. வாழ்நாட் கட்டணம் எனப்படுவது வாசகன் வாழ்நாளையன்று, இதழின் வாழ்நாளைக் குறிப்பதாகவே பல இடத்தும் முடிந்திருக்கிறது. விளம்பரமோ மார்கழியில் மட்டும் கொட்டும் மழை. பட்டுக்கடைகளும், நகைக்கடைகளும், சபா எனப்படும் இசைமன்றங்களும் தருவது. மார்கழி இதழ் தடிக்கும். ஆனி இதழ் மெலியும். அம்மழையை நம்பி விதைத்தவன் மன்றத்தின் முன்வரிசை நாற்காலிக்கும் காசில்லாச் சீட்டுக்கும் கடன்பட்டவன் ஆகிறான். முன்வரிசையில் அமர்ந்து உண்டிச்சாலைக் காப்பியும் குடித்துவிட்டு, அம்மன்றத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது என்று எழுத எத்தனை பேர்க்குக் கை வரும்?

சட்டம் நல்லதொரு கருவியைத் தந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவுபெற்ற ஒவ்வொரு தாளிகையும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில், வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர், உடைமையாளர் ஆகியோர் பெயர்களை நான்காம் படிவமாக அச்சிடல் வேண்டும். முதலில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் உடையோர் பெயரும் அதில் வரல் வேண்டும். கடைசிப் பக்கத்து மூலையில், எறும்பு எழுத்தில், எவரும் படியாதபடி அது அச்சிடப்பெற்று வந்தது. உத்திரமேரூரார் இதையே கோயிற் சுவரில், வருவோர் போவோர் எல்லாம் காணும்படி வெட்டி வைத்தனர். அப்படிவத்தை முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில், வரவு செலவோடு சேர்த்து அச்சிடும் இசையிதழ் ஒன்று வருமாயின் அதன் திறனாய்வை வாசகன் வேறு கண்ணோடு படிப்பான். இன்ன மன்றம் இத்தனை உருபா விளம்பரம் தந்தது; அம்மன்றத்து அரங்கைப் பற்றிய கட்டுரை பன்னிரண்டாம் பக்கத்தில். அவ்வளவே போதும்.

பணிக்குழுவிலும் இவ்வூர் விதி பொருந்தும். திறனாய்வு எழுதுபவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் கடினமன்று. ஒரே காது முப்பதாண்டு தீர்ப்புச் சொன்னால் பாடுவோர் அக்காதுக்கே பாடத் தொடங்குவர். ஆனால் கணக்கு எழுதுபவரை இடையில் மாற்றலாகாது. தாம் எழுதியதைத் தாமே முடித்துக் காட்டட்டும்.

குடத்தில் எவர் பெயரை இடுவது என்பதில்தான் பழைய விதியை உடைத்தல் வேண்டும். இசையிதழ் என்றவுடன் மயிலாப்பூர் மேடைக்கே கால்கள் நடக்கின்றன. காஞ்சி வட்டாரத்து ஊர்களில், பங்குனி தொடங்கித் துரோபதை அம்மன் கோயில்களின் முன் விடிய விடியக் கூத்து நடக்கிறது. அங்கே ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் முழங்க, அவற்றுக்கு மேலே முகவீணை பாடுகிறது. நாகசுரத்தின் தங்கை போன்ற சிறு குழல் அது. நள்ளிரவில் அதன் குரல் அடுத்த ஊர் ஏரிக்கரை வரை கேட்கும். பெருங்கட்டூர் இராசகோபால், 1990-இல் கூத்துக் கலைஞர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் தூணாக நின்றவர். அவரும் அவர் துணைவியார் அன்னே தெ புரூயினும் காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு பள்ளியை நடத்தினர். பெண் பிள்ளைகளும் அங்கே கூத்தும் எழுத்தும் ஒருங்கே பயின்றனர். தெ புரூயின் ஆலந்து நாட்டவர். இக்கூத்தைப் பற்றி விரிந்த ஆய்வை ஆங்கிலத்தில் எழுதியவர். பாலசரசுவதியின் உரைக்கு நேர்ந்ததே கூத்துக்கும் நேர்கிறது: ஆடுவது தமிழில், அறியப்படுவது ஆங்கிலத்தில்.

இவ்வட்டாரத்தில் முகவீணை வாசிப்போர் எத்தனை பேர், எவரிடம் பயின்றனர், ஓர் இரவுக்கு என்ன ஊதியம், சீவாளிக்கு நாணல் எங்கிருந்து வருகிறது, அடுத்த தலைமுறையில் வாசிக்க எவர் உளர் என்பன எந்தத் தமிழ் இசையிதழிலும் தொடர்ந்து எழுதப்பெறவில்லை. இவற்றை எழுதப் பெருமுதல் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், மிதிவண்டியும், விடியும்வரை விழித்திருக்கும் இருவரும் போதும். பங்குனிக்கு இன்னும் சில திங்கள் உள்ளன. கூத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்து நாள் குறிக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் எந்தக் குழு எந்த ஊருக்கு எந்த இரவு வருகிறது என்பதை இப்போதே சொல்லிவிடுவர்.